கோணி எடை போக

தராசின் முள் கடைசிக் கோட்டைத் தாண்டிப் போய், அதற்கு மேல் இடமில்லாமல் முட்டிக்கொண்டு நின்றது. தாதி கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பின்னால் வரிசையில் நின்ற யாரோ இருமினார்கள்.

"இறங்கிட்டு மறுபடி ஏறுங்க அங்கிள்," என்றாள்.

இறங்கி ஏறினேன். முள் அதே இடத்தில்தான் போய் முட்டியது.

கோலாலம்பூரில் ஒரு பெரிய மருத்துவமனையின் தாழ்வாரம் அது. தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. தாதி என் அட்டையில் எடை எழுதவேண்டிய கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். "வேற எங்கயாச்சும் நிறுத்துட்டு வர முடியுமா? பெரிய தராசு உள்ள எடத்துல?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். சத்தமாகக் கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பெரிய தராசு இருக்கும் இடம் எனக்குத் தெரியும். நான் வேலை செய்வதே அங்கேதான்.

கிள்ளானில் மிளகாய், பருப்பு, வெங்காயம் மொத்தமாக விற்கும் ஒரு கிடங்கில் நான் கிராணி (கணக்கு எழுதுபவர்). ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, மூட்டை தூக்கப் போய், கையெழுத்து நன்றாக இருந்ததால் மேசைக்கு வந்தவன். மறுநாள் கடை சாத்தும் நேரத்தில், கையில் இருந்த தே (தேநீர்) கிளாஸை ஒரு மூட்டை மேல் வைத்துவிட்டு, தரைத் தராசில் ஏறி நின்றேன். நிறுப்பவன் முனியாண்டி. என்னைவிட இளையவன். வாய் ஓயாதவன்.

"என்னா அண்ணே, கோணி எடை கழிக்கணுமா?" என்றான்.

எங்கள் தொழிலில் மூட்டையை நிறுத்த பிறகு கோணியின் எடையைக் கழித்துவிட்டுத்தான் சரக்கின் எடையை எழுதுவோம். கோணிக்கு யாரும் விலை கொடுக்க மாட்டார்கள்.

"சட்டை பேண்டுக்கு ஒரு கிலோ கழிச்சிக்கடா."

"ஒரு கிலோ எங்க பத்தும்லா. உங்க பேண்டுக்குள்ள ஒரு குடும்பமே வாடகைக்கு இருக்கலாம்."

நானும் சிரித்தேன். அவன் குனிந்து எடையைப் படித்தான். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மடித்து, என் சட்டைப் பையில் அவனே வைத்துவிட்டான்.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் இதே போன்ற ஒரு தராசில் ஏறி இறங்கியிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. பயந்த சுபாவம். பயந்தவன் முடிவு எடுக்கமாட்டான், விசாரித்துக்கொண்டே இருப்பான். அப்படி நான் விசாரித்ததில் உங்களுக்கு உதவக்கூடியது ஏதாவது இருக்கலாம்.

முதலில் வந்தது தூக்கம். எடை எழுதும்போதே பேனா கையில் இருக்கத் தூங்கிவிடுவேன். எழுத்து கீழே இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தின் ஓரத்தில் நிற்கும். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன். இரவு முழுக்கத் தூங்கினவனுக்குப் பகலிலும் ஏன் இப்படி வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. சோம்பேறித்தனம் என்று முதலாளி நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

என் மனைவி சரோஜாதான் கவனித்தாள். "என்னாங்க, நீங்க கொறட்டை விடறது எனக்குப் பழகிப்போச்சி. நடுவுல சத்தமே இல்லாம போகுது பாருங்க, அதான் என்னை எழுப்பி விடுது," என்றாள். "ருக்கு அண்ணி நம்ம வீட்டுல வந்து தங்குறப்ப அவங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சி."

ருக்கு என் அக்கா ருக்குமணி. என்னைப் போலவே பெரிய உடம்பு. ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். நல்ல சாவு, ஒருவருக்கும் பாரம் வைக்கவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். சரோஜா சொன்ன நாளிலிருந்து என்னால் படுக்க முடியவில்லை. பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். தூங்கினேன் என்று சொல்வதும் சரியில்லை. தூங்கிவிடாமல் இருக்கக் காவல் காத்தேன்.

மருத்துவமனை டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். உறக்க மூச்சுத்தடை (தூங்கும்போது கழுத்துச் சதை தொண்டையை அடைத்து, மூச்சு விட்டுவிட்டு நின்றுபோவது). அதோடு இனிப்பு நீர் (நீரிழிவு) வேறு எனக்கு ஏற்கெனவே இருந்தது. டாக்டர் நம் ஆள்தான். ஆங்கிலத்தில் படித்தவர், தமிழ் கொஞ்சம் தடுக்கிப் பேசுவார்.

"மிஸ்டர் கோவிந்தன், வெயிட் குறையாம இது குறையாது. நீங்களா குறைச்சுக்க முடியும்னா எப்பவோ குறைச்சிருப்பீங்க. உங்களைத் திட்டல. உண்மையச் சொல்றேன். ஆப்ரேஷன் யோசிக்கலாம்."

"ஆமா டாக்டர்."

"பயமா இருக்கா?"

"ஆமா டாக்டர்."

"அவசரம் வேணாம். நல்லா விசாரிச்சிட்டு வாங்க."

வீட்டிலிருந்து கிளம்பும்போது கேட்க எத்தனையோ கேள்விகள் வைத்திருப்பேன். அந்த அறைக்குள் போனால் ஆமா டாக்டர் என்ற ஒன்றுதான் வாயில் வரும். ஆனால் விசாரியுங்கள் என்று அவர் சொன்னதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

எடை குறைக்க அறுவைச் சிகிச்சை என்பதை அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. கொழுப்பை அரிந்து எடுத்துவிடுவார்கள் என்று முதலாளி நினைத்தார். குடலைப் பாதி வெட்டிப் போட்டுவிடுவார்கள் என்றான் முனியாண்டி. அதற்குள் சீன மருந்துக் கடைக் கசாயம், தபாலில் வந்த பெல்ட்டு, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் மாவு எல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. பெல்ட்டு என் இடுப்பைச் சுற்றி வரவில்லை.

முதலில் நான் போய்ப் பார்த்தது ஒரு பல் டாக்டரை. வெட்டு இல்லாமல் ஒரு வழி இருக்கிறது, மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டால் குடிக்க மட்டும்தான் முடியும், உடம்பு தானாக இறங்கும் என்று ஒருவர் சொன்னார். கிள்ளானில் கடைவீட்டு மாடியில் இருந்தது அந்தக் கிளினிக். சரோஜாவோடு படியேறிப் போய், பேச்சு வருவதற்கே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பல் டாக்டர் சீனர். மலாயில் பேசினார். ஆசை காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். மேசை இழுப்பறையிலிருந்து கம்பி வெட்டும் சிறிய குறடு ஒன்றை எடுத்து வைத்தார்.

"இதை எப்பவும் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். தூங்கும்போதும்."

"எதுக்கு டாக்டர்?"

"வாந்தி வந்தால் வாய் திறக்காது. மூச்சு அடைக்கும். உடனே கம்பியை வெட்ட வேண்டும்."

"யாரு வெட்டறது?"

"நீங்கள். முடியாவிட்டால் உங்கள் மனைவி."

சரோஜா அதைத் தொடாமலே பார்த்தாள். "நான் வெட்டமாட்டேங்க. பயத்துல நாக்கை வெட்டிப்புடுவேன்," என்றாள். படியிறங்கும்போது இருவரும் சிரித்தோம். கீழே வந்த பிறகுதான் அவள் அழுதாள். தூக்கத்தில் மூச்சு நிற்பவனுக்கு வாயையும் கட்டுவதா என்று கேட்டாள். அந்த வழி அதோடு முடிந்தது.

மற்றதையெல்லாம் டாக்டரே அடுத்த தடவை விளக்கினார். முன்பு ஒரு முறை இருந்ததாம். குடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு மேல்முனையையும் கீழ்முனையையும் இணைப்பது. ஆட்கள் இளைத்தார்கள், பிறகு ஈரல் கெட்டுச் செத்தார்கள். இப்போது யாரும் அதைச் செய்வதில்லை என்றார். வயிற்றுக்குள் பலூன் வைப்பது இன்னொன்று. அது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும், சில சமயம் காற்றுப் போய்க் குடலில் சிக்கும். இரைப்பையின் கழுத்தில் வளையம் மாட்டுவது புதிதாக வந்திருக்கிறது, தனக்கு இன்னும் கைப்பழக்கம் இல்லை என்று அவரே சொன்னார். பழக்கம் இல்லை என்று ஒரு டாக்டர் வாயால் சொன்னது எனக்கு அவர்மேல் நம்பிக்கையைக் கொடுத்தது.

மிஞ்சியது இரண்டு. அவர் ஒரு காகிதத்தில் பை மாதிரி வரைந்தார். எனக்கு அது மூட்டையாகத்தான் தெரிந்தது. அப்படிப் பார்த்ததும் எல்லாம் புரிந்தது. ஒன்று, இரைப்பைத் தையல் (இரைப்பையின் மேல்பகுதியில் உலோகப் பின்களால் தைத்து, சின்னப் பையாகச் சுருக்கி, கீழே போகும் வழியையும் ஒடுக்கிவிடுவது). மூட்டையின் வாய்ப்பக்கத்தைக் கோணி ஊசியால் சுருக்கித் தைப்பது போல. இன்னொன்று இரைப்பை மாற்றுவழி (மேலே சின்னப் பையைத் தனியாகப் பிரித்து, அதைக் குடலின் நடுப்பகுதியோடு நேராக இணைப்பது). இது பெரிய வேலை, ஆபத்தும் அதிகம்.

எனக்கு எது பொருந்தும் என்று பார்க்க, நான் சாப்பிடுவதைக் கேட்டார்.

"காலையில கண்ணு முழிச்சதுல இருந்து சொல்லுங்க. மறைக்காதீங்க."

நான் மறைக்கவில்லை. தோசை எத்தனை, மதியம் சோறு எவ்வளவு, சாயங்காலம் வடை, ராத்திரி மறுபடி சோறு, எல்லாம் சொன்னேன். கூச்சப்பட்டுக்கொண்டேதான் சொன்னேன், ஆனால் சொன்னேன். லட்டு, கேசரி எல்லாம் இனிப்பு நீர் வந்ததிலிருந்து தொடுவதில்லை என்றும் சொன்னேன். சரோஜா பக்கத்தில் தலையாட்டினாள்.

"அப்ப நீங்க சோத்து ஆளு. தையலே போதும்," என்றார் டாக்டர். தைப்பூசம் முடிந்து ஒரு நாள் குறித்தார்கள்.

நாள் குறித்துவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். அதிகமானது. செய்துகொண்ட ஒருவரையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. டாக்டரிடம் கேட்டேன். மற்ற நோயாளிகளின் விவரம் தரக்கூடாது என்றார். சரோஜா கோயிலில் பழகும் ஒரு அம்மா மூலம்தான் தெரியவந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் குடியிருக்கும் மாடியில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பல வருடங்களுக்கு முன் வெளிநாட்டில் மகன் இருக்கும் ஊரில் இதே தையலைச் செய்துகொண்டு வந்தாராம். பெயர் இராசநாயகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். மாடிப்படி குறுகல். நடுத்திருப்பத்தில் நான் சுவரைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினேன். கதவைத் திறந்தவர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். நான் அவருடைய தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"நான்தான் இராசநாயகம்," என்றார் அவர். "நீர் வேற ஆரையோ தேடுறீர் போல."

அவர் உடம்பும் என் உடம்பும் ஒன்றுதான்.

"இரும் தம்பி. அந்தக் கதிரை தாங்கும். எனக்கெண்டு செய்வித்தது."

அவர் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் பேசப் பேச அவருடைய மனைவி தே கலக்கிக் கொண்டுவந்து வைத்தார். டின் பால் (சர்க்கரை சேர்த்த கெட்டிப் பால்) ஊற்றி, நன்றாக நுரை வர ஆற்றியது. நான் எடுத்துக் குடித்தேன். முதல் வருஷம் உடம்பு நன்றாக இறங்கியதாம். பழைய சட்டை எல்லாவற்றையும் தானம் கொடுத்துவிட்டாராம். சோறு இரண்டு வாய்க்கு மேல் போனால் நெஞ்சில் கல் வைத்த மாதிரி நிற்கும். இறைச்சி இறங்கவே இறங்காது. கல்யாண வீட்டில் இலையிலிருந்து எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு கல்யாணங்களுக்குப் போவதில்லை.

"ஆனா தேத்தண்ணி மட்டும் ஒண்டும் சொல்லாம இறங்கும் தம்பி. ஐஸ்கிரீம் இறங்கும். டின் பாலை அப்பிடியே கரண்டியால எடுத்தாலும் இறங்கும். ஓட்டை சின்னன்தானே. சோறுதான் அடைக்கும், பால் ஏன் அடைக்கப்போகுது?"

"நாங்களும் பாவம் பாத்துக் குடுத்தம்," என்றார் அவருடைய மனைவி. "சோறு இறங்காத மனுசனுக்கு வேற என்னத்தைக் குடுக்கிறது?"

"ஓம். இவ பாவம் பாத்தா, நான் குடிச்சன். அவ்வளவுதான் கதை." சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. பிறகு என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக் கேட்டார். "நீர் ஒரு நாளைக்கு எத்தினை குடிப்பீர்?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். எண்ணிப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. செலாயாங்கிலிருந்தோ ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்தோ மளிகைக் கடைக்காரர் சரக்கு எடுக்க வந்தால், முதலில் அவருக்கும் நமக்கும் தே வரும். பக்கத்து ஒட்டுக்கடையில் (சாலையோரத் தேநீர்க் கடை) சொல்லி வைத்திருப்போம். குடித்த பிறகுதான் விலை பேசுவது. பேசி முடிந்ததும் இன்னொன்று வரும். அது விலை படிந்ததற்கு அடையாளம். வந்தவரோடு சேர்ந்து குடிக்காவிட்டால் அவரை மதிக்கவில்லை என்று பொருள். ஒருவர் போனால் அடுத்தவர் வருவார். நான் எப்போதும் குராங் மானிஸ் (இனிப்பு குறைவாக) என்றுதான் சொல்வேன். அதனால் எனக்கு அதில் ஒரு தைரியம். டாக்டர் கேட்டபோது நான் எதையும் மறைக்கவில்லை. இந்தத் தே எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. மூச்சு விடுவதைப் போய் யாராவது சாப்பாட்டுக் கணக்கில் சொல்வார்களா?

சரோஜா என் முகத்தைப் பார்த்தாள். நான் கோப்பையைக் கீழே வைத்தேன். பாதி இருந்தது.

"குடியும். ஊத்தினதைக் குடியும்," என்றார் இராசநாயகம். "எனக்கு இதைச் சொல்லுறதுக்கு ஒருத்தரும் இருக்கேல்லை. நீர் போய் உம்மட டாக்குத்தரிட்டச் சொல்லும்."

சொன்னேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"இதை ஏன் அன்னைக்குச் சொல்லல?"

"நீங்க சாப்பாடுதான் டாக்டர் கேட்டீங்க."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. "தப்பு என் மேலயும்தான். நம்ம ஊருல இருந்துக்கிட்டு நான் இதைக் கேட்டிருக்கணும். என் டேபிள் மேலயே ஒரு கிளாஸ் இருக்கு பாருங்க."

இருந்தது. அடியில் பால் தேங்கிய கிளாஸ்.

தையல் எனக்கு உதவாது என்றார். மாற்றுவழி செய்தால் இனிப்புத் தண்ணீர் நேராகக் குடலில் போய் விழும், உடம்பே அதைத் தாங்காமல் தண்டிக்கும், அதனால் குடிக்கமாட்டீர்கள் என்றார். அதற்குப் பிறகு ஆபத்தைச் சொன்னார். இணைத்த இடம் விட்டுப்போனால் கசிவு (வயிற்றுக்குள் ஒழுகி நஞ்சாவது) வரும். திரும்பவும் திறக்க வேண்டியிருக்கும். உயிர் போகலாம். வாழ்நாள் முழுக்கச் சத்து மாத்திரை, ஊசி. "இதுல நான் செஞ்ச கேஸ் கொஞ்சம்தான். செஞ்சவரைக்கும் சுமாரா நல்லா இருக்காங்க. வேற டாக்டரைப் பாக்கணும்னாலும் பாருங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"ஆமா டாக்டர்," என்றேன்.

வீட்டுக்கு வந்து சரோஜா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "தேத்தண்ணிதான் காரணம்னா தேத்தண்ணிய விடுங்க. அதுக்கு எதுக்கு வயித்தக் கிழிக்கணும்? ருக்கு அண்ணி தூங்கிட்டே போனாங்க. நீங்க காசு குடுத்துக் கத்தியில போகணுமா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. குறித்த நாளை ரத்து செய்துவிட்டு, தேநீரை விட்டுப் பார்த்தேன். வெறும் வெந்நீர் கிளாஸை முன்னால் வைத்துக்கொண்டு வியாபாரம் பேசினேன். செலாயாங் கடைக்காரர் ஒருவர், என் தகப்பன் வயது, முகம் சுருங்கிப்போய்க் கேட்டார், "என்னா கிராணி, நான் வாங்கிக் குடுக்குற தண்ணி கசக்குதா?" தேயைத்தான் அவர் தண்ணி என்றார். நோய் என்றேன். "ஒரு கிளாஸ்ல என்னா நோயி வந்துடப் போவுது," என்று அவர் எழுந்து போய்விட்டார். அந்த மாதம் அவர் சரக்கு எடுக்கவில்லை. முதலாளி இரண்டு மூன்று தடவை என் மேசைப் பக்கம் வந்து நின்றுவிட்டுப் போனார்.

எடை கொஞ்சம் இறங்கியது. முனியாண்டி தராசைத் தட்டிப் பாராட்டினான். அடுத்த மாதம் நின்றது. அதற்கடுத்த மாதம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. தேநீரை விட்ட வாய் சோற்றைக் கூடுதலாகக் கேட்டது. நான் மறுபடியும் ஒரு கிளாஸ், பிறகு இன்னொரு கிளாஸ் என்று ஆரம்பித்திருந்தேன். நாற்காலியில் உட்கார்ந்து தூங்கினவனுக்குக் கால் இரண்டும் வீங்கி நீர் கோத்துக்கொண்டது.

அப்போதுதான் இராசநாயகம் இறந்த செய்தி வந்தது. தூக்கத்தில்.

போனோம். வீட்டில் சடங்கெல்லாம் ஒழுங்காக நடந்தது. சவப்பெட்டியை மாடியிலிருந்து இறக்கும்போதுதான் சிக்கல். குறுகல் படி, நடுத்திருப்பத்தில் பெட்டி திரும்பவில்லை. நான் சுவரைப் பிடித்து மூச்சு வாங்கிய அதே இடம். தூக்கியவர்கள் மேலேயும் போகமுடியாமல் கீழேயும் போகமுடியாமல் நின்றார்கள். "தல பக்கம் தூக்குலா, தல பக்கம்," என்று கீழேயிருந்து ஒருவர் கத்தினார். பெட்டியைச் செங்குத்தாக நிமிர்த்தினார்கள். உள்ளே ஏதோ சரிந்து மோதும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவருடைய மனைவி மேல்படியில் நின்றுகொண்டு, "ஆறுதலா, ஆறுதலா," என்று மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தார். உயிரோடு இருக்கிறவரிடம் சொல்வது போல.

சரோஜா என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். கிள்ளானுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஊர் நெருங்கும்போது, "டாக்டர்கிட்ட நாள் கேளுங்க," என்றாள்.

வேறு ஒரு டாக்டரையும் போய்ப் பார்த்துக் கேட்டோம். அவரும் மாற்றுவழியைத்தான் சொன்னார். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். இவ்வளவு விசாரித்தவனுக்கு ஒன்றும் ஆகாது என்று உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்ததை ஒத்துக்கொள்கிறேன். விசாரித்தவன் வயிறும் மற்றவர்கள் வயிறு மாதிரிதான்.

எனக்குக் கசிவு வந்தது. சில நாளிலேயே காய்ச்சலும் வலியும் ஏறி, மறுபடி திறந்தார்கள். அதற்குப் பிறகு நடந்தவை எனக்கு வரிசையாக நினைவில்லை. தொண்டைக்குள் குழாய் இருந்தது. மூச்சை இயந்திரம் விட்டது. இத்தனை நாள் பயந்து பயந்து காவல் காத்த மூச்சை ஒரு இயந்திரம் வாங்கிக்கொண்டது, எனக்கு அதில் நிம்மதிகூட இருந்தது. சரோஜா நனைத்த பஞ்சை உதட்டில் வைப்பாள். விழுங்காதீங்க என்பாள். பகலா இரவா என்று கேட்கத் தோன்றும், கேட்க வாய் இருக்காது. ஒரு தடவை என் அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் அதை மிகவும் சாதாரணமாக எடுத்துக்கொண்டேன்.

பிழைத்தேன். வீட்டுக்கு வரும்போது பெருநாள் ஒன்று போயிருந்தது. எது என்று கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

டாக்டர் சொன்னது எல்லாம் நடந்தது, நல்லதும் கெட்டதும். எடை இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது. தலைமுடி கொத்தாக உதிர்ந்தது. விரல் நுனி மரத்துப்போய், ஊசி போட்ட பிறகு சரியானது. சோறு ஒரு சிறு கிண்ணம். அதையும் மென்று முடிப்பதற்குள் வீட்டில் மற்றவர்கள் கைகழுவி எழுந்துவிடுவார்கள். சாப்பிடும் நேரம் நீண்டுவிட்டது, சாப்பாடுதான் இல்லை.

வேலைக்குப் போன புதிதில், பழைய செலாயாங் கடைக்காரர் மனம் இரங்கி எனக்கும் சேர்த்துத் தே சொன்னார். மறுக்க மனமில்லாமல் கொஞ்சம் குடித்தேன். சற்று நேரத்தில் வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு படபடத்தது, கண் இருட்டியது. மிளகாய் மூட்டைகளின் மேல் அப்படியே சாய்ந்துவிட்டேன். இதைத்தான் டாக்டர் தண்டனை என்றார். கடைக்காரர் பயந்துபோய், "நான் ஒன்னும் பண்ணலப்பா, தண்ணிதான் குடுத்தேன்," என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அவர் வந்தால் கிளாஸை வாங்கி உதட்டை மட்டும் நனைத்து வைத்துவிடுகிறேன். அவரும் பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறார். விலை படிந்துவிடுகிறது.

முன்பெல்லாம் என் நாளை அந்தக் கிளாஸ்கள்தான் பகுத்து வைத்திருந்தன என்று இப்போது தெரிகிறது. ஒன்று முடிந்தால் ஒரு வேலை முடிந்தது என்று பொருள். இப்போது காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே நீளமாகக் கிடக்கிறது. ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமலே சில நாள் உட்கார்ந்திருக்கிறேன். பசிக்கிறதா, வேறு எதற்காகவோ காத்திருக்கிறேனா என்பதுதான் கேள்வி.

நீங்களும் இதைச் செய்துகொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், செய், செய்யாதே என்று நான் சொல்லமாட்டேன். டாக்டரிடம் வாயில் போவதையெல்லாம் சொல்லுங்கள், மெல்லாததையும் சொல்லுங்கள். செய்துகொண்ட ஒருவரின் வீட்டில் போய் உட்காருங்கள். இளைத்த படத்தைக் காட்டினால் போதாது, அவர் எதைக் குடிக்கிறார் என்று பாருங்கள். வீட்டில் உள்ளவர்களையும் கூட்டிப் போங்கள். இராசநாயகத்திடம் இதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

மருத்துவமனைத் தராசு இப்போது என்னைத் தாங்குகிறது. ஆனாலும் கிடங்குத் தராசில் ஏறுவது பழக்கமாகிவிட்டது. போன மாதம் முனியாண்டி வழக்கம்போல, "கோணி எடை எவ்ளோ அண்ணே கழிக்கிறது?" என்று கேட்டுவிட்டான். கேட்டவன் கண் என் சட்டைக்குள் மடிந்து தொங்கும் தோலின் மேல் போனது. வயிற்றிலும் கையிலும் தொடையிலும் அது காலிக் கோணி மாதிரி தொங்குகிறது. உள்ளே இருந்த சரக்கு போய்விட்டது. அவன் முகம் மாறிவிட்டது.

"அப்படியே எழுதுடா. கழிக்காத," என்றேன்.

இப்போது நான் மல்லாந்து படுத்துத் தூங்குகிறேன். பிரம்பு நாற்காலியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். குறட்டை இல்லை. சத்தம் இல்லாததால் சரோஜாவுக்குத் தூக்கம் வருவதில்லை. மூச்சு இருக்கிறதா என்று கை நீட்டித் தொட்டுப் பார்க்கிறாள். அவள் கை பழைய உயரத்தில், என் உடம்பு முன்பு இருந்த இடத்தில், காற்றில் வந்து நிற்கிறது. அங்கே நான் இல்லை. கை கொஞ்சம் தயங்குகிறது. பிறகு கீழே, இன்னும் கீழே இறங்கி வந்து, என்னைத் தொடுகிறது. அதுவரை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறேன்.